ரவுண்டு ஓடினால் வேகம் வராது

"டீச்சர், இன்னைக்கு எத்தன ரவுண்டு?"

மாலையில் பிள்ளையை மோட்டாரில் கொண்டுவந்து திடலில் இறக்கிவிடும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். "ரவுண்டே இல்லண்ணே" என்று சொன்னால் முகம் மாறிவிடும். சிலர் மோட்டாரை நிறுத்திவிட்டு வேலியோரமாக நின்று பார்ப்பார்கள். பிள்ளைகள் முப்பது மீட்டர் ஓடுவார்கள், நடந்து திரும்புவார்கள், தூங்குமூஞ்சி மரத்து நிழலில் உட்காருவார்கள். மூன்று நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் முப்பது மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் திடலில் இருந்தும், ஒரு பிள்ளை முழு வேகத்தில் ஓடிய மொத்தத் தூரம் 200 மீட்டரைத் தாண்டியிருக்காது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபத்தில் ஒப்பாது. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு எத்தனை டன், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு எத்தனை மரம் என்று உழைப்பை அளந்தே கூலி கொடுத்த இடம் இது. வேர்வை கொட்டினால்தான் வேலை நடந்ததாக அர்த்தம். உட்கார்ந்திருக்கும் பிள்ளை சோம்பேறி. அந்த எண்ணத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். என்னைப் படிக்க வைத்தது விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போன என் அம்மாவின் உழைப்பு. ஆனால் வேகத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நூறு மீட்டர் ஓடுகிற பிள்ளையைத் தினமும் பத்து ரவுண்டு சுற்றவிட்டால், பத்து ரவுண்டு சுற்றத் தெரிந்த பிள்ளை கிடைக்கும். நூறு மீட்டரில் அது உதவாது.

நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. பள்ளிக் காலத்தில் 100, 200 மீட்டர் ஓடியவள். எஸ்.பி.கே.கே. என்கிற தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் படித்த பிறகு, பள்ளி நேரம் முடிந்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் பயிற்சி தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் 12 முதல் 17 வயதுக்குள். சிலர் இன்னும் தோட்டத்து வீடுகளில் இருக்கிறார்கள். மற்றவர்களின் குடும்பங்கள் தோட்டம் கைமாறியதும் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்துவிட்டன. எங்களிடம் செயற்கை ஓடுதளம் கிடையாது, புல் திடல்தான். அதில் எனக்குக் குறையும் இல்லை. கீழே சொல்லப்போவது எல்லாமே புல்லில் செய்யக்கூடியவை.

முதலில் அந்த உட்காருதல் ஏன் என்று விளக்கிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

முழு வேகத்தில் ஓடும்போது முதல் சில விநாடிகளுக்குத் தசை நம்பியிருப்பது கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பை. அது தசைக்குள்ளேயே இருக்கிறது, உடனே சக்தி தருகிறது, ஆனால் மிகக் கொஞ்சம். முழு மூச்சாக ஓடினால் பத்து விநாடிக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். ஓய்வெடுத்தால் அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி திரும்பும். முழுவதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதோடு, தசையை அவ்வளவு வேகமாகச் சுருக்கு, விடு என்று கட்டளையிடுகிற நரம்பு மண்டலமும் களைக்கும். அந்தக் களைப்பு வேர்வையில் தெரியாது. பிள்ளை மூச்சு வாங்காமல் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும், ஆனால் அடுத்த ஓட்டத்தில் கால் மந்தமாகிவிட்டிருக்கும்.

பயிற்றுநர்கள் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு. முப்பது மீட்டருக்கு மூன்று நிமிடம், அறுபதுக்கு ஆறு. அந்த ஓய்வைப் பாதியாகக் குறைத்தால் பிள்ளை அடுத்த ஓட்டத்தைக் குறைந்த வேகத்தில் ஓடும், அதற்கடுத்ததை இன்னும் மெதுவாக. உடம்பு பழகிக்கொள்வது அந்த மெதுவான ஓட்டத்தை. அதனால்தான் ஓட்டம் இறங்கத் தொடங்கியதும் நான் நிறுத்திவிடுகிறேன். ஆறு ஓட்டம் என்று திட்டம் போட்டிருந்தாலும், நான்காவதில் தோள் இறுகி, முகம் கோணி, அடி கனமாக விழ ஆரம்பித்தால் அன்றைக்கு நான்குதான். பிள்ளைகள் "இன்னும் ஒண்ணு டீச்சர்" என்று கெஞ்சுவார்கள். இன்னும் ஒன்று கேட்கும் தெம்போடு வீட்டுக்குப் போவதுதான் நல்லது.

இதை ஓர் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முன்பு பால் வெட்டியவர், இப்போது வேலையாள்களை மேற்பார்க்கும் மண்டோர். கிரியாட்டின், நரம்பு என்றெல்லாம் நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் திடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே சொன்னார்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுற மாதிரிதானே டீச்சர்? தெனமும் வெட்டினா பட்டை காஞ்சு பால் நின்னுடும்." அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. மரம் பாலை மறுபடி ஊறவைக்க நாள் கேட்கிறது, அது தெரிந்தவர் கத்தியைத் தினமும் அதே பட்டையில் வைக்க மாட்டார். இப்போது புதிதாக வரும் பெற்றோர் நிழலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து முகம் சுளித்தால், என்னைவிட முன்பாக அவர்தான் போய்ப் பேசுகிறார்.

அந்தக் கணக்குப்படியே எங்கள் வாரமும். முழு வேக ஓட்டம் வாரத்தில் இரண்டு நாள், போட்டிக் காலத்தில் மூன்று. இரண்டு வேக நாள்களுக்கு நடுவே குறைந்தது 48 மணி நேரம் இடைவெளி. இடைப்பட்ட நாளில் ஒன்று, தசை வலுவுக்கும் தாண்டுதலுக்கும். இன்னொன்றில் புல்லில் நிதானமான ஓட்டம், பந்து விளையாட்டு, எதுவானாலும் சரி. 400 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு வேறு தாங்குதிறன் பயிற்சியும் வேண்டும். அது தனிக் கதை, இங்கே தொடப்போவதில்லை.

எந்த ஓட்டமும் வெப்பமூட்டலுக்குப் பிறகுதான். இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறோம். மெதுநடை, மெல்லோட்டம், பிறகு கால்களை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் துள்ளி நடத்தல், பக்கவாட்டு ஓட்டம், கடைசியில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு 40 மீட்டர் மூன்று தடவை. காலைப் பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் இழுத்து நிற்கிற நீட்டல் பயிற்சியை ஓட்டத்துக்கு முன் செய்வதில்லை. நீண்ட நேரம் அப்படி இழுத்தால் தசையின் வெடிப்புத் திறன் தற்காலிகமாகக் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சி முடிந்த பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

இனி ஓடும் முறை. புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் காலை முடிந்தவரை முன்னால் எறிந்து ஓடுவார்கள். அகல அடி வைத்தால் சீக்கிரம் போகலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதம் உடம்புக்கு மிகவும் முன்னால் போய்க் குதிகாலில் இறங்கினால் ஒவ்வோர் அடியும் ஒரு பிரேக். இடுப்புக்குக் கீழே, அல்லது அதற்குச் சற்றே முன்னால், முன்பாதம் தரையைத் தொட வேண்டும். தொட்ட உடனே தரையைக் கீழேயும் பின்னாலும் தள்ள வேண்டும். அமெரிக்காவில் பீட்டர் வெயண்டும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைத் தெளிவாக்கியது. வேகமாக ஓடுபவரும் மெதுவாக ஓடுபவரும் தத்தம் உச்ச வேகத்தில் ஓடும்போது, காலைக் காற்றில் முன்னுக்குக் கொண்டுவர எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது, பாதம் தரையில் இருக்கும் அந்தச் சிறு கணத்தில் அவர்கள் செலுத்தும் விசை. முதல் தரத்து ஓட்டக்காரரின் பாதம் உச்ச வேகத்தில் ஒவ்வோர் அடிக்கும் தரையில் தங்குவது 0.1 விநாடி அல்லது அதற்கும் குறைவு.

ஆகவே "காலை வேகமா ஆட்டு" என்று நான் கத்துவதில்லை. "தரையைத் தள்ளு", "இடுப்பு உசரமா இருக்கட்டும்", "தாடையைத் தளர விடு": ஒரு ஓட்டத்துக்கு இவற்றில் ஒன்றை மட்டும் சொல்வேன். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை யோசித்துக்கொண்டே ஓடும், யோசித்துக்கொண்டு யாரும் வேகமாக ஓடியதில்லை. கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்கை மடங்கி, கை முன்னும் பின்னும் போக வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே போனால் இடுப்பும் கூடவே திரும்பும். பின்னால் இழுப்பதில் அக்கறை காட்டச் சொல்லுங்கள், முன்னால் வருவது தானாக நடக்கும்.

தரையைத் தள்ளக் கற்றுக்கொடுக்கும் மிகச் சிறந்த ஆசிரியர் மேடு. எங்களுக்குச் செம்பனைக் காட்டை ஒட்டிய செம்மண் சாலை ஒன்று இருக்கிறது, மெதுவாக ஏறிப்போகும். அங்கே 20, 30 மீட்டர் ஏறி ஓடுவோம், இறங்கும்போது நடை. மேட்டில் காலை முன்னால் எறிய முடியாது, உடம்பு தானாகச் சரியான சாய்வுக்கு வந்துவிடும், பின்தொடைத் தசைக்கும் பாதிப்பு குறைவு. சரிவு அதிகமாக இருந்தால் ஓட்டம் தவழ்தலாகிவிடும், இலேசான ஏற்றம் போதும். ஓடுவதற்கு முன் நான் அந்தச் சாலையை முழுக்க நடந்து பார்ப்பேன். வெட்டிப் போட்ட மட்டையின் முள் சப்பாத்தைத் துளைத்து ஏறக்கூடியது. பழலாரி வரும் நேரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மட்டைக் குவியல் ஓரம் யாரும் உட்காரக் கூடாது, அங்கே பாம்பு இருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுவது எல்லாருக்கும் நிம்மதி.

மேடும் முப்பது மீட்டரும் கற்றுத்தருவது வேகமெடுத்தலை. உச்ச வேகம் வேறு திறமை. அதற்கு ஓடிவந்து பறக்கும் ஓட்டம் வைக்கிறோம். 25, 30 மீட்டர் தூரத்தில் படிப்படியாக வேகத்தை ஏற்றி, அடையாளம் வைத்த இடத்திலிருந்து 20 மீட்டர் மட்டும் முழு வேகம், பிறகு மெல்ல அடங்கி நிற்க வேண்டும். அடையாளத்துக்கு எங்கள் பிள்ளைகளின் சிலிப்பர்களே போதும். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். மூன்று நான்கு மாதம் அடிப்படை பழகிய பிள்ளைகளுக்குத்தான் இதைத் தருகிறேன்.

நூறு மீட்டரை எப்படிப் பங்கிட்டு ஓடுகிறோம் என்பதைக் காட்ட நான் எப்போதும் எடுப்பது 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் ஓடிய 9.58 விநாடி. முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. அடுத்த இருபதுகளுக்கு 1.75, 1.67, 1.61, கடைசி இருபதுக்கு 1.66. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எங்கே மிக வேகமாக ஓடியிருக்கிறார் என்று கேட்பேன். 60-க்கும் 80-க்கும் நடுவே. அதன் பிறகு உலகத்திலேயே வேகமான மனிதருக்கும் வேகம் இறங்கியிருக்கிறது. கடைசியில் முந்திப் போகிறவர் வேகம் கூட்டுவதில்லை, மற்றவர்களைவிடக் குறைவாக இழக்கிறார். இது புரிந்த பிள்ளை எண்பதாவது மீட்டரில் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க முக்குவதை விட்டுவிடும். தளர்வாக, அதே வடிவத்தில் கோட்டைத் தாண்டும். இந்த ஒன்றாலேயே நேரம் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நேரம் என்றதும் கைக்கடிகார விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். "எம்பையன் பதினொன்னு அஞ்சுல ஓடுறான் டீச்சர்" என்று அப்பாக்கள் கைப்பேசியைக் காட்டுவார்கள். அப்பா முடிவுக்கோட்டில் நிற்கிறார், நூறு மீட்டருக்கு அப்பால் அண்ணன் கட்டையைத் தட்டுகிறான். சத்தம் அவர் காதுக்கு வந்துசேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். சத்தம் கேட்டுப் பட்டனை அழுத்தினால் அவ்வளவும் பிள்ளைக்கு இலவசம். அதனால்தான் நேரக்காப்பாளர்கள் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்துவார்கள். நாங்கள் வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்துக் கீழே இறக்குகிறோம், துணி அசைந்ததும் அழுத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் கையால் எடுத்த நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே காட்டும். நூறு மீட்டருக்கு அந்த வித்தியாசத்தை 0.24 விநாடி என்று வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். கையில் 12.0 என்றால் மாநில நிலைப் போட்டியின் திரையில் 12.2-க்கு மேல் வரும். முன்கூட்டியே இதைச் சொல்லாவிட்டால், நன்றாக ஓடிய பிள்ளை திரையைப் பார்த்து அழுதுகொண்டு வரும்.

இருபது மீட்டர் பறக்கும் ஓட்டத்துக்குக் கைக்கடிகாரம் அறவே வேண்டாம், தவறு அதிகம். கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுகாட்சி வசதி இருந்தால், பக்கவாட்டில் தள்ளி ஒரே இடத்தில் கட்டையில் கட்டிவைத்துப் படமெடுத்து, படங்களை எண்ணுங்கள். 600 படம் என்றால் 2.5 விநாடி, அதாவது விநாடிக்கு 8 மீட்டர். கோணத்தால் சிறு பிழை இருக்கும், அதனால் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல், அதே பிள்ளையின் போன மாதத்தோடு ஒப்பிடுகிறேன். பாதம் எங்கே இறங்குகிறது என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும். பிள்ளை தன் கண்ணால் பார்த்துக்கொண்டால், நான் பத்து வாரம் சொன்னது ஒரே மாலையில் ஏறும்.

காயத்தில் எங்களை அதிகம் வாட்டுவது பின்தொடைத் தசைப் பிடிப்பு. கால் முன்னால் வீசி, தரையைத் தொடுவதற்குச் சற்று முந்திய கணத்தில்தான் அந்தத் தசை நீண்டுகொண்டே அதிகப் பளுவைத் தாங்குகிறது, பெரும்பாலும் கிழிவதும் அப்போதுதான். இதற்கு நார்டிக் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, எந்தக் கருவியும் வேண்டாம். ஒருவர் முழங்காலிட்டு நிற்க, இன்னொருவர் அவருடைய கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வார். முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும், தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக, பெரும்பாலும் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. முதல் வாரம் ஐந்து தடவை இரண்டு சுற்று போதும். மறுநாள் தொடை நன்றாக வலிக்கும், ஆகவே வேக நாளுக்கு முதல் நாள் செய்யாதீர்கள். இதோடு ஒற்றைக்கால் உட்கார்ந்தெழுதல், பெஞ்சு மேல் ஏறி இறங்குதல், குதிகால் உயர்த்துதல். தாண்டுதல் பயிற்சியைப் புல்லில் மட்டும் செய்கிறோம், புதியவர்களுக்கு ஒரு நாளில் 40 முதல் 60 தரையிறக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

திடீரென்று உயரம் வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திய இடத்தில் வலி என்று பிள்ளை சொன்னால், ஓடினால் சரியாகிவிடும் என்று விரட்டாதீர்கள். தாண்டுதலைக் குறையுங்கள், வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திறமையோடு வந்து இரண்டு வருடத்தில் நின்றுபோகிறவர்களில் அவர்கள்தான் அதிகம். ஏழு மணிக்கு இருட்டுகிற நேரத்தில் மகளைத் தனியாக அனுப்பப் பெற்றோருக்குப் பயம், அது நியாயமான பயம். ஆகவே ஒரே தாமானில், ஒரே தோட்டத்தில் இருக்கும் பிள்ளைகளைச் சேர்த்து, யாராவது ஒரு அம்மா முறைவைத்துக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தோம். மாதவிடாய் நாளில் ஓடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உடம்பு இடம்கொடுத்தால் தாராளமாக ஓடலாம், முடியாவிட்டால் என்னிடம் காரணம் சொல்லவே வேண்டாம், உட்கார்ந்துகொள்ளலாம். காரணமே இல்லாமல் வேகம் இறங்கி, படியேறினாலே களைப்பு என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்கிறேன். நம் வீடுகளில் சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இருக்கிறது, டீ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு சேர்த்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக்கீரை, நெத்திலி, முட்டை, ஈரல் என்று கைக்கெட்டும் விலையில் இருப்பதையே சாப்பிடட்டும், கூடவே ஒரு கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் அதன் வைட்டமின் சி உதவும். டப்பாவில் விற்கும் புரதப்பொடி எந்தப் பிள்ளைக்கும் அவசியமில்லை.

தூக்கத்தில்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். விடியுமுன் பஸ்ஸைப் பிடிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது கிடைக்க வேண்டுமென்றால் இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி பெற்றோரிடம் போய்விட வேண்டும். டியூஷன் இருக்கிற நாளில் பயிற்சி வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். ஓடினால் படிப்பு கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களுக்கு டான் ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசனைக் காட்டுகிறேன். மருத்துவம் படித்த மனிதர், 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, 4×100 மீட்டர் மூன்றிலும் தங்கம் வாங்கினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனையை 2017-இல்தான் கைருல் ஹாபிஸ் ஜந்தான் முறியடித்தார். அதே பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் எம். ராஜாமணிக்கு. ஜி. சாந்தி 1993-இல் ஓடிய 11.50 விநாடி பெண்கள் 100 மீட்டரில் 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியாமலே இருப்பது எனக்குத் தாங்கவில்லை. வெப்பமூட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன். 2022-இல் 100 மீட்டரை 10.09 விநாடியில் ஓடிய அசீம் பாஹ்மியை அவர்களே எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

வானிலையில் பிடிவாதம் வேண்டாம். இங்கே மாலை மழையோடு இடியும் வரும், திறந்த திடலில் நிற்கிற பிள்ளைதான் அங்கே உயரமான பொருள். இடி கேட்டதும் கட்டடத்துக்குள், கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆனபிறகே வெளியே. மரத்தடி கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை, மண்டபத்துக்குள் நார்டிக்கும் வடிவப் பயிற்சியும் செய்வோம்.

புறப்பாட்டுக் கட்டையை மாவட்டப் போட்டியன்று முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அந்த நிலை வேண்டாம் என்று, எண்ணெய் ஆலைப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெற்றோர் மரத்திலும் இரும்பு முளையிலும் எங்களுக்கு நான்கு ஜோடி செய்து தந்தார். முன்கட்டை கோட்டிலிருந்து பிள்ளையின் இரண்டு பாத நீளம், பின்கட்டை மூன்று பாத நீளம், அங்கிருந்து அவரவர் வசதிக்குச் சற்று மாற்றிக்கொள்ளலாம். மலாயில் "கெ காரிசான்" (கோட்டுக்கு) என்றதும் நிதானமாக அமர்தல், "செடியா" (தயார்) என்றதும் இடுப்பைத் தோளுக்குச் சற்று மேலே உயர்த்தி அசையாமல் நிற்றல். சத்தத்தை ஊகித்துப் பாயக் கூடாது. 2010 முதல் சர்வதேச விதிப்படி ஒரே ஒரு தவறான புறப்பாட்டுக்கே ஆட்டம் முடிந்தது. சத்தத்துக்குப் பிறகு 0.1 விநாடிக்குள் அசைந்தாலும் அது தவறான புறப்பாடுதான். முதல் சில அடிகளுக்குத் தலையை நிமிர்த்தாமல் தள்ள வேண்டும், உடம்பு படிப்படியாக எழட்டும். புறப்பாட்டை வாரத்துக்கு ஒரு நாள், ஆறு ஏழு தடவை பழகினால் போதும்.

போட்டிக்கு முந்தைய பத்து நாளில் ஓட்டத்தின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கிறேன், வேகத்தைக் குறைப்பதில்லை. கடைசி முழு வேக ஓட்டம் போட்டிக்கு மூன்று நாள் முன்பு. இந்தச் சமயத்தில்தான் பெற்றோருக்குப் பதற்றம் கூடும். "சும்மாவே இருக்கானே டீச்சர்" என்று ஒருவர் மகனைக் காலையில் தோட்டத்துச் சாலையில் ஓடவிட்டதும் உண்டு. அந்த வாரத்தில் புதிதாக எந்தப் பலமும் வராது, இருக்கிற பலத்தைக் களைப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை.

போட்டி நாளில் காலை உணவு, முதல் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, தினமும் சாப்பிடுவதே. தேங்காய்ப்பால் மிகுந்த நாசி லெமாக்கை ஓட்டம் முடிந்தபிறகு சாப்பிடலாம். தகுதிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே வாழைப்பழம், பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், முழுக்க நிழல். கடைகளில் விற்கும் காஃபின் கலந்த சக்தி பானத்தைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள், அன்றைக்கு மட்டுமில்லை, எப்போதுமே. இறுதிச் சுற்றுக்கு முன் வெப்பமூட்டலை மறுபடி செய்ய வேண்டும், பாதி அளவு போதும், கடைசியாக 30 மீட்டர் இரண்டு தடவை. ஸ்பைக் சப்பாத்தின் ஆணிகளை முந்தைய இரவே முறுக்கிப் பாருங்கள். செயற்கை ஓடுதளத்தில் அனுமதிக்கும் ஆணி நீளம் 9 மில்லிமீட்டர்வரை, அதனால் புல்லுக்கு வாங்கிய நீள ஆணியை மாற்றிவிட வேண்டும். எண் அட்டைக்கு நான்கு ஊக்கு, உலர்ந்த காலுறை ஒரு ஜோடி, ஒரு துண்டு, மாணவர் அடையாள அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும். அழைப்புக் கூடத்துக்குப் பிள்ளை அரை மணி நேரம் முன்பே போகட்டும், நீங்கள் பார்வையாளர் பக்கமே இருங்கள்.